மீனை எண்ணாத சட்டம்

செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு கிழக்கு நோக்கி ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கின்றது. கோட்டையும் குன்றும் ஏரியும் வயலும் சூழ்ந்த செஞ்சி, குறிஞ்சியும் மருதமும் மயங்கிய நிலம். இவ்வூரார் நெய்தலைக் காண வேண்டுமாயின் திண்டிவனம் வழியே ஏறத்தாழ 60 கி.மீ. கடந்து மரக்காணம் செல்லுதல் வேண்டும். எனினும் கடலுக்கும் செஞ்சிக்கும் உள்ள உறவு ஆற்று நீரோடு முடிந்துவிடுவதன்று. செஞ்சி நாயக்கருள் புகழ்பெற்ற கிருஷ்ணப்பன் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஒரு துறைமுக நகரை எழுப்பினான். 1608இல் டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் காலூன்றியது செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்றே ஆகும். 2025இல் மராட்டியர் அரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற இம்மலைக்கோட்டை, கடற்கரையையும் ஆண்ட கோட்டை என்பது பெரிதும் பேசப்படாத செய்தி.

கடலை ஆள்வது என்பதன் பொருள் யாது? துறைமுகத்தில் சுங்கம் பெறுவதும், கரையில் கோட்டை கட்டுவதும் எளிதில் விளங்குவன. ஆனால் ஒரு படகு கடலிலிருந்து எவ்வளவு மீனை எடுத்து வரலாம், அவ்வளவை மீறினால் என்ன செய்வது, அவ்வளவை வகுக்க வல்லார் யார் என்னும் வினாக்களுக்கு உலகம் விடை தேடத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 1983 சனவரியில் ஐரோப்பிய நாடுகள் தம் பொது மீன்வளக் கொள்கையை வகுத்து, இன்ன மீன் இன்ன நாட்டுக்கு இத்தனை டன் என்று கடலைப் பங்கிட்டுக் கொண்டன. அதே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே மீன் எடைபோடப்பட்டது. இங்கோ இடமும் நேரமும் வலையும் வரையறுக்கப்பட்டன, மீன் எண்ணப்படவில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு தற்செயலானதன்று. தமிழ்க் கடற்கரையின் நெடிய வரலாறு அதன்பின் நிற்கின்றது.

பிரஸ்ஸல்ஸின் துலாக்கோல்

ஐரோப்பிய முறையின் இயக்கம் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மீனினத்திலும் பிடிக்கத்தக்க மொத்த அளவை வகுப்பர். அதனை நாடுகளுக்குப் பிரிப்பர். நாடுகள் தம் படகுகளுக்குப் பிரித்தளிக்கும். அளவை மீறிய நாட்டுக்கு அடுத்த ஆண்டின் பங்கில் கழிவு உண்டு. 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இக்கழிவைப் படிப்படியாக ஏறும் பெருக்கெண்களால் வகுத்தது. மீறல் 5 விழுக்காட்டுக்குள் இருப்பின் மீறிய அளவு அப்படியே கழியும்; 20 முதல் 40 விழுக்காடு வரை எனின் 1.4 மடங்கு, 50 விழுக்காட்டைக் கடந்தால் இரு மடங்கு. ஆயிரம் டன் பங்குடைய நாடு 1300 டன் பிடித்துவிட்டால் மறு ஆண்டில் 300 டன் அன்று, 420 டன் இழக்கும். தண்டம் பணத்தில் இல்லாமல் மீனிலேயே விதிக்கப்படுவது இதன் நுட்பம்.

நியூசிலாந்து வேறொரு வழி கண்டது. 1986இல் தொடங்கிய அந்நாட்டு ஒதுக்கீட்டு முறையில், தன் பங்குக்கு மேல் பிடித்தவன் மீனைக் கடலில் கொட்டிவிடாமல் கரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அம்மிகைக்கு அரசு குறித்த விலையை அரசுக்கே செலுத்த வேண்டும். மீனைப் பிடித்தும் இலாபம் இல்லை என்னும் நிலையை உண்டாக்குவதே நோக்கம்.

துலாக்கோல் உள்ள இடத்தில் கள்ளத் துலாக்கோலும் உண்டாகும் அன்றோ! 2002 முதல் 2005 வரை ஸ்காட்லாந்தில் ஒதுக்கீட்டை மீறிப் பிடித்த கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் மீன்கள் இரகசியமாகக் கரையேற்றப்பட்டன. அவற்றின் மதிப்பு 6.3 கோடிப் பவுண்டு. தரைக்கடியில் குழாய் பதித்தும், அதிகாரிகள் அறியாமல் எடைக்கருவிகளை மறைத்து வைத்தும் இது நடந்தது என்பது வழக்குகளில் வெளிப்பட்டது. 2012இல் கப்பல் தலைவர் பலர் கிளாஸ்கோ உயர்நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பெற்றனர். பங்கு தீர்ந்த மீன் வலையில் விழுந்தால் செத்த மீனையே கடலில் வீசிவிட்டு வரும் வழக்கமும் ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. அதனைத் தடுத்து, பிடித்ததனைத்தையும் கரைக்குக் கொணர வேண்டும் என்ற விதி 2015 முதல் 2019 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

எண்ணுவதால் மட்டும் மீன் பிழைத்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு ஒதுக்கீடு இருந்தது. அறிவியலார் கணக்கும் இருந்தது. கணக்குப் பிழைத்தது. 1992 சூலை 2ஆம் நாள் அம்மீன்பிடிப்பே மூடப்பட்டு ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். அத்தடை விலக 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உவாநாளும் பாசிப்பாட்டமும்

தமிழ்க் கடற்கரைக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடல்வேட்டம் செல்லாது ஓய்ந்திருந்ததைக் காட்டுகின்றது. சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்கி, தாழை மலர் சூடி, கள்ளுண்டு அவர்கள் ஆடிய காட்சி சங்கப் பாடல்களுள் நெய்தலின் நிறைவான சித்திரங்களுள் ஒன்று. இதனை மீன்வளப் பாதுகாப்பு விதி என்று கொண்டாடுவோர் உளர். அது மிகை. வழிபாடும் இளைப்பாறுதலும் கலந்த நாள் அது. மீன் இனம் பெருக வேண்டும் என்ற எண்ணம் அங்கு உள்ளதாகப் பாடல் கூறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகின்றது. கடலுக்குச் செல்லாத நாள் என ஒன்று உண்டு; அதனை ஒருவன் தனித்து முடிவு செய்வதில்லை; ஊரே சேர்ந்து காக்கின்றது. அளவு என்பதைத் தமிழ்ப் பரதவர் எடையில் காணாமல் நாளில் கண்டனர் என்பதற்கு இது மிகப் பழைய சான்று.

செஞ்சியின் அண்டை நிலமும் இவ்விலக்கியத்தில் இடம்பெறுகின்றது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்துக்கு வரும் பாணர்க்குப் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தந்து ஓம்புவர் என்கின்றது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையே என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பாணர் உண்டது உலர்ந்த குழல்மீன் என்பதும் கருதத்தக்கது. மிகுந்ததை உலர்த்தி வைத்து விருந்தினர்க்கு அளித்த வாழ்க்கை அது.

கடலுக்கு இல்லாத கணக்கு ஏரிக்கு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் வருவாய்கள் பேசப்படுகின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைப் பாட்டத்துக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டே ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஊர்ச்சபைகள் ஏற்பாடு செய்தன. ஏரிக்குக் கரை உண்டு, உடைமையாளர் உண்டு. ஆதலின் பங்கிடல் எளிதாயிற்று. இன்றும் நம் ஊராட்சிகளில் ஏரி ஏலம் விடுவதை ‘மீன்பாசிக் குத்தகை’ என்றே வழங்குகின்றனர். கல்வெட்டுச் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அலுவலகத் தாளில் உயிரோடிருப்பதைச் சொல்லாய்வாளர் கண்டுகொள்ளாதது வியப்பே.

எண்ணப்பட்டவை

தமிழ்க் கடலிலும் அரசு எண்ணிய பொருள்கள் இரண்டு உண்டு. அவை முத்தும் சங்கும்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், மூழ்குவோர் விரைந்து கீழே செல்லப் பயன்படுத்திய கல்லே கணக்கின் அலகாக இருந்தது. இன்னாருக்கு இத்தனை கல் என்று உரிமை பங்கிடப்பட்டது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் வரியற்ற கற்கள் ஒதுக்கப்பட்டன. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் இவ்வழக்கத்தோடு மல்லாடியே முத்துக்குளிப்பை நடத்த வேண்டியிருந்தது. இன்று படகுக்கு இவ்வளவு என ஒதுக்கும் முறை எதுவோ, அதன் தெளிவான முன்வடிவம் இது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், சிப்பிப் பார்களை முன்கூட்டியே சோதித்து, மாதிரிச் சிப்பிகளைத் திறந்து மதிப்பிட்டு, அதன் பின்னரே எத்தனை படகுகள், எத்தனை நாள்கள் என்று அறிவிக்கும் முறை நிலைபெற்றது.

சங்குக்கான விதி இன்னும் நுட்பமானது. தூத்துக்குடியில் எடுத்த சங்குகளை இரண்டேகால் அங்குல அளவுத்துளையில் இட்டுப் பார்ப்பர். துளைவழி நுழைந்து விழும் இளஞ்சங்கு கடலுக்கே திரும்பும். சங்கின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அதிகாரிகளின் காலத்தில் இது உறுதியாகப் பின்பற்றப்பட்டது. கேரள அரசு 2015இல் மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. எனப் பிடிக்கத்தக்க சிற்றளவுகளை வகுத்தபோது புதுமை எனப் பேசப்பட்டது. தூத்துக்குடிச் சங்கு குளிப்போர்க்கு அது பழஞ்செய்தி.

ஆயினும் எண்ணிக்கையும் பேராசையை எப்போதும் தடுத்ததில்லை. 1905ஆம் ஆண்டு இலங்கை முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்விளைச்சலில் மயங்கிய ஒரு குழுமம் மறு ஆண்டே பார்களைக் குத்தகைக்கு எடுத்தது; இரண்டொரு ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின. தமிழகக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே இறுதி.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அரசு முத்தையும் சங்கையும் எண்ணியது அவை அரசின் கருவூலப் பொருள்கள் என்பதால். மத்தியையும் நெத்திலியையும் காரப்பொடியையும் எவரும் எண்ணவில்லை. அவை ஏழையின் குழம்புச் சட்டிக்குப் போவன. கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்களுக்கு அவற்றின் அளவு தெரியும். அரசுக்குத் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

பீரங்கிக் குண்டும் மூன்று மைலும்

தேவை பிறந்தது விசைப்படகோடு. 1950களில் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய - நார்வே திட்டமும், அதனையடுத்துத் தமிழகத்தில் அரசு வழங்கிய மானியங்களும் இயந்திரப் படகுகளையும் இழுவை மடி வலையையும் கொண்டுவந்தன. அமெரிக்காவும் சப்பானும் இறாலுக்குக் கொடுத்த விலை அவற்றை எங்கும் பரப்பியது. இறால் கரையோரச் சேற்றில் வாழ்வது; ஆகவே ஆழ்கடலுக்கெனக் கட்டிய படகுகள் கரையோரத்திலேயே வலையிழுத்தன. கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன. இரவில் விரித்த வலையை விடியலில் தேடிச் சென்றவன் வெறும் மிதவைகளைக் கண்டு திரும்பினான். 1970களின் பிற்பகுதியில் சென்னையிலும் பிற கரையூர்களிலும் மோதல்கள் வெடித்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் பலியாயின. இந்திய அளவிலும் கோவா முதலிய கரைகளில் இதே தீ மூண்டது. மத்திய அரசு அமைத்த மஜூம்தார் குழுவின் அறிக்கையை ஒட்டி மாதிரிச் சட்டமொன்று மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. 1980இல் கேரளமும் கோவாவும், 1983இல் தமிழ்நாடும் தத்தம் சட்டங்களை இயற்றின.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் நடுநாயகமான விதி, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கி.மீ.க்குள், விசைப்படகு மீன்பிடித்தலாகாது என்பது. காலையில் புறப்படவும் இரவுக்குள் திரும்பவும் நேர வரையறை வகுக்கப்பட்டது. படகுப் பதிவு, உரிமம், வலைக்கண்ணின் அளவு ஆகியனவும் விதிக்கப்பட்டன. எத்தனை கிலோ என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை.

இம்மூன்று மைல் எங்கிருந்து வந்தது? 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீனைக் கொல்வதைத் தடுத்தபோது, கடலில் அத்தடையின் எல்லையை ஒரு கடற்காதம், அதாவது மூன்று மைல் என்றே வைத்தது. அதற்கும் முன்னால் ஐரோப்பியக் கடற்சட்ட மரபு நிற்கின்றது. கரையிலுள்ள அரசின் ஆணை கடலில் எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் வினாவுக்கு, கரையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரை என்று விடை கூறினார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுச் சட்டவியலார் பிங்கர்ஷூக். அத்தொலைவை மூன்று மைல் என எண்ணாக்கியவர் 1782இல் இத்தாலியரான கலியானி.

செஞ்சியின் வரலாறு அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமல் இராது. 1690இல் செஞ்சிக் கோட்டையில் இருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராசாராம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினிக்கு விற்றார். கோட்டையோடு சேரும் நிலம் எவ்வளவு என்பதற்கு உடன்பாடு வகுத்த அளவுகோல், கோட்டையிலிருந்து சுடும் குண்டு விழும் எல்லை. கும்பினியார் தம் பெரிய பீரங்கியைக் கொண்டு சுற்றிலும் சுட்டு ஊர்களைக் கைக்கொண்டனர். கடலூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றது இதனால். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதனைத் தாங்கி நிற்கின்றது. பிங்கர்ஷூக் கடலுக்குச் சொன்ன கொள்கையைச் செஞ்சியில் எழுதிய உடன்பாடு பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே நிலத்துக்குச் செய்துவிட்டது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. குண்டு எட்டும் வரை தன் ஆணை என்று கருதிய ஒரு காலத்தின் குழந்தைகள் அவை. கட்டுமரக்காரனின் வாழ்வாதாரத்துக்கு 1983இல் வேலியாக நின்றது அப்பழைய பீரங்கித் தொலைவுதான் என்பது வரலாற்றின் விந்தை.

வேலி எவ்வளவு உறுதியானது? நிலத்தில் எல்லைக்கல் நடலாம். கடலில் நட இயலாது. ஒரு மாவட்டத்துக்கு ஓரிரு சுற்றுக்காவல் படகுகளைக் கொண்டு, நூற்றுக்கணக்கான விசைப்படகுகளை இருளில் கண்காணிப்பது அரிது. பிடிபட்டாலும் தண்டனை இலேசானது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. மாதிரிச் சட்டத்தின் வழிவந்த 1980ஆம் ஆண்டுக் கேரளச் சட்டத்தில், மீறிய படகில் இருந்த மீனின் மதிப்பு ஆயிரம் ரூபாய்க்கு மேற்படின், அம்மதிப்பின் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம் என வகுக்கப்பட்டது. எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல மறுத்த சட்டம், தண்டிக்கும் நேரத்தில் மட்டும் மீனை எடைபோட்டு விலை கேட்டது! நிறையப் பிடித்தவனுக்கு மிகுந்த தண்டம். ஆனால் நிறையப் பிடித்தது குற்றமன்று, நிற்கக் கூடாத இடத்தில் நின்று பிடித்ததே குற்றம்.

ஒதுக்கீட்டு முறையை அப்படியே இங்குக் கொண்டுவர வேண்டும் என்பார்க்கு ஒரு விடை உண்டு. வடகடலில் ஒரு வலையில் பெரும்பாலும் ஓரிரு இன மீன்களே விழும். சோழமண்டலக் கரையில் ஒரே வலையில் சங்கரா, பாறை, கவலை, கானாங்கெளுத்தி, இறால், நண்டு என எத்தனையோ இனங்கள் கலந்து வரும். அவை துறைமுகங்களில் மட்டும் இறங்குவதில்லை. ஒவ்வொரு குப்பத்து மணலிலும் இறங்குகின்றன. எடைபோட யார் எங்கே நிற்பது? இக்கடலில் டன் கணக்குப் பொருந்தாமைக்கு அறியாமை காரணமன்று. கடலின் இயல்பும் தொழிலின் அமைப்புமே காரணம்.

ஊர் வகுத்த எல்லை

அரசின் சட்டத்துக்கு முன்னரும் பின்னரும் சோழமண்டலக் கரையில் வேறொரு சட்டம் நடந்து வந்துள்ளது. பட்டினவர் ஊர்களின் பஞ்சாயத்துகள் எவ்வலையை எங்கே எப்போது இடலாம் என்று முடிவு செய்துள்ளன. இக்கரையை 1990களில் ஆராய்ந்த டச்சு நாட்டறிஞர் மார்ட்டின் பாவிங்க், புதிய வலை ஒன்று வரும்போது ஊரார் அதனை எடைபோடும் முறையைப் பதிவு செய்துள்ளார். அவ்வலை மீனுக்குக் கேடா, பிறர் தொழிலுக்குக் கேடா, ஊர் ஒற்றுமைக்குக் கேடா என்பனவே கேள்விகள். கேடு எனத் தோன்றினால் தடை, மீறினால் ஊர்த்தண்டம்.

ஒருவன் எவ்வளவு பிடித்தான் என்பதை ஊர் கேட்கவில்லை. எப்படிப் பிடித்தான், அதனால் அடுத்தவன் வலை வெறுமையாயிற்றா என்று கேட்டது. பட்டினப்பாலையின் உவாநாளுக்கும் இதற்கும் ஒரே உணர்வு அடிப்படை எனத் தோன்றுகின்றது. ஆயினும் ஊரை மிகையாகப் புகழ்வதும் தகாது. அப்பஞ்சாயத்துகளில் மீன் விற்கும் பெண்களுக்கு இருக்கை இல்லை. தண்டம் கட்டாதவனை ஊர்விலக்கம் செய்யும் கொடுமையும் அங்கு உண்டு. மேலும், விசைப்படகுக்காரன் வேற்றூரான் எனில் ஊரின் தீர்ப்பு அவனைத் தொடுவதில்லை. அரசின் சட்டம் வேண்டியதாயிற்று என்பதற்கு அதுவே காரணம்.

நாள்களால் அளத்தல்

எடையால் அளக்க இயலாத கடலை நாள்களால் அளக்கும் முயற்சிகளே பின்னர்ப் பெருகின. இராமநாதபுரக் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் மோதிக்கொண்டதன் பயனாக, 1993இல் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என அரசு பங்கிட்டது. திங்கள், புதன், சனி விசைப்படகின் நாள்கள். ஒரே கடலை இரு தரத்தார் மாறி மாறி உழும் இவ்வேற்பாடு உலகில் அரிதானது. இதனை நாள் ஒதுக்கீடு என்றே சொல்லலாம். மூன்று மைல் விலகிச் செல்லப் பாக்கு நீரிணையில் கடலே போதாது என்பதும் இதற்குக் காரணம். சற்று விலகினால் 1974இல் இலங்கையோடு வகுத்த எல்லைக்கோடு வந்துவிடும்.

அக்கோட்டுக்கு அப்பால் நடப்பதைப் பேசாமல் இக்கட்டுரை நிறைவுறாது. தமிழக மீனவர் சிறைப்படுவதும் படகிழப்பதும் சுடப்பட்டதும் நம் ஏடுகளில் நிறைய எழுதப்பட்டன, எழுதப்பட வேண்டியவையே. ஆனால் 2009இல் போர் முடிந்து, பல்லாண்டுத் தடைகளுக்குப் பின் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து, மன்னார்த்து மீனவன், தன் வலை தமிழக இழுவைப் படகால் அறுபட்டதைக் கண்டபோது பட்ட துயரம் இங்கே குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. வலையறுத்தவனும் தமிழன், வலையிழந்தவனும் தமிழன். 1970களில் சென்னைக் கட்டுமரக்காரன் எழுப்பிய அதே முறையீட்டைத்தான் அவன் எழுப்பினான். 2017 சூலையில் இலங்கை அரசு அடிமடி இழுவை மீன்பிடிப்பையே சட்டத்தால் தடை செய்தது. இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டிற் படகுகளாக மாற்ற இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் அதே ஆண்டில் மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கின; எதிர்பார்த்த வேகத்தில் அது நடைபெறவில்லை. நெய்தலைப் பாடும் கவிஞர், கோட்டின் இப்புறத்து அலையை மட்டும் பாடினால் பாடல் அரைகுறையாகவே நிற்கும்.

தமிழகத்தில் 2001 முதல் ஏப்பிரல் 15 தொடங்கி 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வகுக்கப்பட்டது. 2017 முதல் அது 61 நாளாக, சூன் 14 வரை நீண்டது. இனப்பெருக்கத்துக்கு உகந்த காலம் என்பது அறிவியல் கூற்று. தடைக்கால உதவித்தொகையும் உண்டு. உவாநாளின் ஓய்வு இன்று அரசாணையாக வளர்ந்துள்ளது எனலாம். ஊர் தானே முடிவு செய்த ஓய்வுக்கும், ஆணையால் வந்த ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரையில் கேட்டறியலாம்.

இன்றைய பூசல் சுருக்குமடி வலையைப் பற்றியது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் இவ்வலை, ஒரே வீச்சில் பிற படகுகள் பல நாள் பிடிப்பதைக் கொண்டுவர வல்லது. கேரளம் தன் கரைக்கடலில் இதனைத் தடுத்தது செல்லும் என உச்சநீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு 2022 பிப்ரவரியில் இட்ட தடையாணை வழக்குக்கு உள்ளாயிற்று. 2023 சனவரி 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றை வழங்கியது. பதிவு பெற்ற படகுகள், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் ஆகிய இரு நாள்களில் மட்டும், காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். படகு எங்குள்ளது என்பதைக் காட்டும் கருவி ஒவ்வொன்றிலும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு தொலைவு சென்று, வலையிட்டு, மாலை 6 மணிக்குள் திரும்ப இயலாது என்றனர் சுருக்குமடிக்காரர். 12 மைலுக்கு அப்பால் விரித்த வலை எது, உள்ளே விரித்த வலை எது என்பதைக் கரையில் நின்று யார் கண்டு சொல்வது என்று கேட்கின்றனர் நாட்டுப்படகுக்காரர்.